ஆளுக்கு ஒரு கை

சனிக்கிழமை மட்டும் தஞ்சாவூருக்கு ஒரு பெரிய டாக்டர் வருகிறார், கையைக் காட்டிவிட்டு வரலாம் என்று என் கணவரிடம் நான் சொன்னது பொய். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவ்வளவு துணிந்து அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வருடம் தை அறுவடையின் கடைசியில் அவருடைய வலது கை போயிற்று. அவர் டிராக்டர் ஓட்டுபவர். குத்தாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், அறுத்து முடித்த வயலில் கிடக்கும் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மிஷினை டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போவார். அன்று மிஷினின் வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. ஓட்டத்தை நிறுத்தாமல் கையால் பிடித்து இழுத்திருக்கிறார். மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே எடுத்துவிட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். காலையில் அவருக்குத் தலைவாரி, முகம் மழித்து, மதியச் சாப்பாட்டை ஸ்பூனோடு மூடிவைத்துவிட்டுக் கிளம்புவேன். எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர அவர் வாசலைத் தாண்டவில்லை. கூட்டாளிகள் பார்க்க வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்வார். அந்தக் கைமேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், தூங்கும்போதும்கூட. புண் ஆறிய பிறகு அதை நான் ஒருமுறையும் தொட்டதில்லை. தொட விடவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் இல்லாம இருந்தா உனக்குச் சுலபம்."

"என்னங்க பேசறீங்க?"

"சும்மா சொன்னேன். குழம்பு ஊத்து."

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. இண்டர்வெல் மணி அடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடுவேன். "அக்கா, எங்க வீட்டு டிவி சத்தம் கேக்குதா?" என்பேன். "கேக்குது கேக்குது" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் மதியம்வரைக்கும் தாங்கும். மதியம் மறுபடியும் போன். ஒருநாள் வகுப்பில் பின்னக் கணக்கைப் பாதியில் எழுதிவிட்டுச் சாக்பீஸோடு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து, "டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் விரும்பிச் செய்தது ஒரே ஒரு காரியம். இடது கைக்குப் பழக்கம் வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்தவர், பயறு அடைத்த மூன்று துணிப் பந்துகளைக் கொடுத்திருந்தார். ஒன்றை மேலே போட்டுப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. இவர் மணிக்கணக்காக அதையே செய்தார். ஒரு பந்து பழகியதும் ஒரே கையில் இரண்டு பந்து. ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கையை விட்டுக் கிளம்பும். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார். சமையலறையிலிருந்து கேட்பேன். பந்து உள்ளங்கையில் விழும் சத்தம் ஒரு மாதிரி, தரையில் விழும் சத்தம் வேறு மாதிரி. சத்தம் நின்றுபோனால் எட்டிப் பார்ப்பேன்.

புரட்டாசியில் எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் ஒரு வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பினார். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஜக்ளிங் திருவிழா. பந்து, வளையம், கட்டை எல்லாம் தூக்கிப்போட்டுப் பிடிப்பவர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று இருந்தது. கீழே ஒரு நம்பர். பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று அந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தது ஒரு இளைஞர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்காததையெல்லாம் சொன்னேன். விபத்தைச் சொன்னேன், ஒரு கையில் இரண்டு பந்து போடுவதைச் சொன்னேன், வெளியே வராததைச் சொன்னேன். "நீங்க கூட்டிட்டு மட்டும் வாங்க மேடம். மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்த வார்த்தையை நம்பினேன்.

சனிக்கிழமை காலை நானே அவருக்கு உடுத்திவிட்டேன். வீட்டில் எலாஸ்டிக் வைத்த பேன்ட்தான் போடுவார். பெரிய டாக்டரிடம் போகிறோம் என்பதால் நல்ல பேன்ட் போட்டுவிட்டேன். இடுப்பு இளைத்துப் போயிருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். பந்துகளை அவருக்குத் தெரியாமல் என் பையில் வைத்துக்கொண்டேன். அவருடைய போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

கும்பகோணத்தில் பஸ் மாறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. தாராசுரம் தாண்டியதும் ரோட்டின் பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். வயலுக்குள் ஒரு அறுவடை மிஷின் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர் சீட்டின் முதுகைப் பார்த்தார். தஞ்சாவூர் வரைக்கும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

கல்லூரி வாசலில் ஆட்டோ நின்றதும், "இது ஆஸ்பத்திரியா?" என்றார்.

"இல்லீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வந்து பாருங்க. பிடிக்கலன்னா உடனே போயிடலாம்."

"டாக்டர்?"

நான் ஆட்டோக்காரருக்குக் காசை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் உள்ளே வந்தார். வந்த ஆட்டோ கிளம்பிவிட்டது, அதனால் வந்தாரா, எனக்காக வந்தாரா, இன்றுவரை தெரியாது.

மைதானத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். சென்னை, பெங்களூர், பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் ஐந்து பந்து போட்டார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பாட்டில் போன்ற பிளாஸ்டிக் கட்டைகளைச் சுழற்றி ஒருவருக்கொருவர் எறிந்தார்கள். நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. எல்லாரும் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள். நன்றாகத் தெரிந்தவர்களும்தான். எங்கே பார்த்தாலும் யாராவது குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவர் வேப்பமரத்தடியில் நின்றார். துண்டு அந்தக் கையை மூடியிருந்தது. பத்து நிமிடம் இருக்கும், ஐந்து பந்து போடுபவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்துகள் போகும் உயரத்துக்கு அவர் முகம் ஏறி இறங்கிற்று. நான் இரண்டடி தள்ளி நின்றேன். எட்டு மாதத்தில் அவர் ஒன்றைப் பார்த்து அப்படி நின்றதில்லை.

அப்போது மைக்கில், போனில் பேசிய அந்த இளைஞரின் குரல் வந்தது.

"ஃப்ரெண்ட்ஸ், நம்மகூட இன்னிக்கு ஒரு ஸ்பெஷல் கெஸ்ட் வந்திருக்காங்க. ஆக்சிடென்ட்ல ஒரு கை போயும் மனசு தளராம, ஒரே கையில ஜக்ளிங் பண்ற அண்ணா! அதோ, மரத்துக்கிட்ட நிக்கறாங்க. எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!"

மைதானமே திரும்பிக் கை தட்டியது. அவர்கள் மனதில் கெட்டது எதுவும் இல்லை. நல்ல சிரிப்போடுதான் தட்டினார்கள். அவர் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்னை வித்தை காட்டவா கூட்டிட்டு வந்த?" என்றார். பிறகு வாசல் பக்கம் நடந்தார்.

நான் உடனே பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கோபத்தில் கால் மைக் இருந்த பக்கம் போயிற்று. அந்த இளைஞரிடம் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "உங்ககிட்ட நான் இதுக்கா சொன்னேன்?" என்று கத்தியது நினைவிருக்கிறது. அவர் முகம் வெளுத்துப்போய், "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அதில் ஐந்து நிமிடம் போயிருக்கும். நான் வாசலுக்கு வந்தபோது ரோட்டில் அவர் இல்லை. வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. அவருடைய போன் என் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

எனக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தஞ்சாவூரிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவர், கட்டை எறிந்துகொண்டிருந்த இருவரில் ஒருவர். "அக்கா, ஏறுங்க. நடந்துதானே போயிருப்பாங்க, பிடிச்சிடலாம்" என்றார். பையை அங்கேயே வாசலோரம் போட்டுவிட்டு, என் போனையும் பர்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

முதலில் ரயில்வே ஸ்டேஷன். எல்லாப் பிளாட்பாரமும் பார்த்தோம். பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு. கும்பகோணம் போகிற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். பிறகு புது பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். கை எடுத்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருப்பாரோ என்று அங்கேயும் போனோம். பெரிய கோயில் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்தேன். தனியாக இருந்த ஒவ்வொரு ஆணின் வலது கையையும் பார்த்தேன். எல்லாருக்கும் கை இருந்தது.

ஒரு போலீஸ்காரரிடம் சொன்னோம். "போட்டோ இருக்கா?" என்றார். என் போனில் தேடினேன். விபத்துக்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூட இல்லை. டிராக்டர் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சிரிக்கிற படம்தான் இருந்தது.

"வேற ஏதாவது அடையாளம்?"

"வலது கை இல்ல சார்" என்றேன். வெளி ஆளிடம் அதை அப்படி நேராக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் புது ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். கல்லணையிலிருந்து வரும் அந்தக் கால்வாயில் அன்று இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. அங்கே போக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் தானாக அங்கே வந்த மாதிரி நின்றது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஆகாயத்தாமரை போயிற்று. ஒரு தென்னமட்டை போயிற்று. வெள்ளையாக ஏதோ சுழன்று வந்தது. பக்கத்தில் வந்ததும் உரச்சாக்கு என்று தெரிந்தது. "நான்தான், நான்தான் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். பிறகு அந்தப் பெண்தான் சொன்னார். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை. "மறுபடியும் பஸ் ஸ்டாண்டு பாப்போம்க்கா" என்றார்.

மறுபடியும் போனோம். இல்லை. கரையோரமாக இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். "வீடு பூட்டித்தான் இருக்கு. என்னாச்சும்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"நான்தான்" என்றார் அவர்.

"எங்கங்க இருக்கீங்க?" என்றேன்.

"புது பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். கடைசியில, பார்சல் ஆபீசுக்குப் பின்னாடி. ஒரு கைலி வாங்கிட்டு வா. நீ மட்டும் வா."

கைலியை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஸ்கூட்டரோடு அந்தப் பெண் வெளியிலேயே நின்றுகொண்டார். பூட்டிக் கிடந்த பார்சல் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் மடிமேல் ஒரு தினசரியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு பெஞ்சில் கிடந்தது. பக்கத்தில் போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. பேன்ட் முழங்கால்வரை நனைந்து, பாதி காய்ந்திருந்தது.

"பாத்ரூம்ல பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. பெல்ட் வரல. இடது கையால எவ்வளவோ இழுத்தேன். ஒருத்தர் கழட்டிவிடவான்னு கேட்டார். வேணாம்னுட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு இருக்கும்."

ஐந்து மணி நேரம். எழுந்தால் தெரியும் என்று எழாமலே உட்கார்ந்திருந்திருக்கிறார். கும்பகோணம் பஸ் அத்தனையும் அவர் கண் முன்னால்தான் போயிருக்கின்றன. பார்சல் வாங்க வந்து திரும்பிய யாரோ ஒருவரிடம் போன் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"நீ ரெண்டு தடவை இங்க வந்த. பாத்தேன். அந்தக் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு நின்ன."

"கூப்பிட்டிருக்கலாம்லங்க?"

"எப்படிக் கூப்பிடுவேன்? என்னன்னு கூப்பிடுவேன்?"

கைலியைத் தலைவழியாகப் போட்டு இறக்கி, அதற்குள் கையைவிட்டுப் பெல்ட்டைப் பிடித்தேன். நனைந்து இறுகியிருந்தது. காலையில் நான் போட்ட ஓட்டை. எனக்கே இரண்டு கையாலும் லேசில் வரவில்லை. கழட்டிக்கொண்டிருக்கும்போது அவர் நெற்றியை என் தோளில் வைத்தார். அழுதார். கை போனபோது அழவில்லை. கட்டைப் பிரித்து முதலில் பார்த்தபோதும் அழவில்லை. அன்று பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், உடம்பு குலுங்க அழுதார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். பெல்ட் வரவில்லை, வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று ஊருக்குப் போகிற தெம்பு இருவருக்கும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினோம். பேன்ட்டைத் துவைத்து ஜன்னலில் போட்டேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் துண்டைத் தேடவில்லை.

காலையில் பை நினைவு வந்தது. அவருடைய போன், என் வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான். நான் மட்டும் போய் எடுத்து வருகிறேன் என்றேன். "தனியா உக்காந்து என்ன பண்றது? நானும் வரேன். வாசல்லயே நிப்பேன்" என்றார்.

வாசலில்தான் நின்றார். மருந்துக்கடைப் பெண் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குப் பின்னால் அந்த மைக் இளைஞர் வந்து என் கணவருக்கு முன்னால் நின்றார். தூங்கியவர் மாதிரித் தெரியவில்லை.

"அண்ணா, நான் பண்ணது தப்பு. ஊக்கமா இருக்கும்னு நினைச்சிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

இவர் மைதானத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரி, விடுங்க. நேத்து அந்த அஞ்சு பந்து போட்டவர் யாரு?" என்றார்.

"என் ஃப்ரெண்டுண்ணா. பெங்களூர்."

"அஞ்சாவது பந்து ஒண்ணு மட்டும் முன்னாடி முன்னாடி போவுது. அதனாலதான் அவர் நடந்துக்கிட்டே இருக்கார்."

இளைஞர் வாயைப் பிளந்து பார்த்தார். "ஆமாண்ணா. ரெண்டு வருஷமா அதைத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கான்."

நான் பையை மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் என் கணவரைப் பார்த்து, "அண்ணா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லவா? இதுல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு போடற முறை ஒண்ணு இருக்கு. மூணு பந்து. ஆளுக்கு ஒரு கைதான் உபயோகிக்கணும். ரெண்டு கை இருக்கறவங்களும் அப்படித்தான் போடுவாங்க" என்றார்.

"வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சரிங்கண்ணா" என்று அவர் உடனே விட்டுவிட்டார்.

இரண்டு மூன்று தப்படி நடந்தோம். இவர் நின்றார். மைதானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உனக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?" என்றார்.

"அஞ்சாங்கல் ஆடியிருக்கேன்."

"பந்து உன் பையிலதானே இருக்கும்? எடு."

காம்பவுண்டுச் சுவருக்கு உள்பக்கம், யார் கண்ணிலும் படாத ஒரு மூலைக்குப் போனோம். அந்தப் பெண் எங்களை நிற்க வைத்தார். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவருக்கு இடது கை, எனக்கு வலது கை. "நெருங்கி நில்லுங்க. நடுவுல இருக்கற கை ரெண்டும் வேலைக்கு வரக்கூடாது. அக்கா, உங்க இடது கையை அண்ணா முதுகைச் சுத்திப் போட்டுக்குங்க" என்றார். போட்டேன். அவருடைய அந்தக் கை எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் நடுவில் வந்து என் விலாவில் அழுந்தியது. சட்டைத் துணிக்கு மேல் அதன் முனை வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

முதல் பந்தை நான் போட்டேன். அவருக்கு எட்டாமல் போய்ச் சுவரில் அடித்தது. பொறுக்கினேன். மறுபடியும் போட்டேன். அவர் போட்டதை நான் விட்டேன். என்னுடையதை அவர் விட்டார். பொறுக்கினோம். பத்துத் தடவை, இருபது தடவை இரண்டைக்கூட முடிக்க முடியவில்லை. அந்தப் பெண் எப்போது போனார் என்று தெரியாது.

"உசரமா போடு. தரையில வீசற மாதிரி வீசற."

"போட்டேனே."

"எங்க போட்ட? என் கண்ணு உசரத்துக்கு வரணும். அது உச்சிக்குப் போனப்புறம்தான் நான் அடுத்ததை விடுவேன். அவசரப்படாத. பந்தைப் பிடிக்கணுமேன்னு பயப்படற. போடறதைப் பாரு, பிடிக்கறது தானா வரும்."

டிராக்டரில் தன்கூட வேலை செய்தவர்களை அவர் இப்படித்தான் அதட்டுவார். எட்டு மாதமாக என்னிடம் ஒரு கடுஞ்சொல்கூட வந்ததில்லை. வெந்தது வேகாதது எது வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டார். இப்போது திட்டுகிறாரே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த பந்தும் போயிற்று. "கண்ணைத் துடை. பந்து தெரியாது" என்றார்.

நான் கணக்கு டீச்சர். வாய்விட்டு எண்ணினேன். நான்கு. மறுபடியும் நான்கு. ஏழு. மூன்று. வெயில் ஏறிவிட்டது. ஒருமுறை பதினொன்று வந்தது. பதினொன்றில் விழுந்ததும் அவர், "ப்ச்" என்று நாக்கைத் தட்டினார். கடைசியாகப் பதினேழு வந்தது. அதில் ஐந்தாறு பிடிக்கு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், அவர்தான் எண்ணினார். அதற்குமேல் எனக்குத் தோள் வலித்தது. போதும் என்றேன். அவரும் போதும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பாபநாசம் தாண்டிய பிறகு, நான் கேட்காமலே, அந்தத் தை மாதத்து நாளைப் பற்றிச் சொன்னார்.

"மழை வர மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு மா நிலம்தான் பாக்கி. நிறுத்தி எடுத்தா ரெண்டு நிமிஷம் ஆகும். நூறு தடவை நிறுத்தாமத்தான் எடுத்திருக்கேன். சட்டையைத்தான் மொதல்ல இழுத்துச்சு. அப்பக்கூட சட்டை போச்சேன்னுதான் நினைச்சேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மழை வரவே இல்ல" என்றார்.

நான் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "இனிமே பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாத. கேளு. வரமாட்டேன்னு சொல்லுவேன். மறுபடியும் கேளு."

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கிடந்தார். நான் மறுபடியும் இண்டர்வெல் மணிக்குப் போனும் கையுமாக நின்றேன். அந்த வாரம் ஒரு மனநல டாக்டரிடம் போகலாமா என்று நேராகக் கேட்டேன். வரமாட்டேன் என்றார். நான்காவது தடவை கேட்டபோது வந்தார். இப்போதும் மாதம் ஒருமுறை போகிறோம். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருக்கோடியில் இருப்பவரின் நெல் சாய்ந்துவிட்டது. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்குமா, டயருக்குப் பதில் பெல்ட் ஓடுகிற வண்டிக்குச் சொல்லவேண்டுமா என்று கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பழக்கத்தில், "தூங்கறாருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது. வந்தவர் விஷயத்தைச் சொன்னார். "வயலைப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்று என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவருடைய பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். என் கணவர் முழங்கால்வரை சேறோடு வாசலில் நின்றார். மேற்கே இரண்டு வரப்புக்கு டயர் வண்டி இறங்கும், வாய்க்கால் பக்கம் பெல்ட் வண்டிதான் வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் காலைக் கழுவிவிட ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்காமல், பேச்சையும் நிறுத்தாமல், குழாயடிக்குத் தானே நடந்து போனார்.